வலப்பக்கம் வளைந்த தமனி

மார்ச் 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

நான் உண்ணாவிரதம் இருக்கவில்லை. உன் அண்ணன் போன துக்கத்தில் நான் சாப்பாட்டை வெறுத்துவிட்டதாக உன் மகள் வீட்டில் பேச்சு வந்ததாம். "அது துக்கமில்ல, வீம்பு" என்று நீ திருத்தினாயாம். இரண்டும் தவறு. துக்கம் நான்கு வருடமாக இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். வீம்பும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் என் எடை பதினோரு கிலோ குறைந்ததற்கு இரண்டும் காரணமில்லை. காரணம் போன மாதம் பத்தொன்பதாம் தேதி தெரிந்தது. அது நாலு வாய் மாறி உன்னிடம் வருவதற்கு முன் என் கையால் எழுதிவிடுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நாம் பேசாமல் ஒன்பது வருடம் ஆகிறது, போனில் எங்கே தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஏழெட்டு மாதமாக ரொட்டி நெஞ்சில் நின்றுவிடுகிறது. பிறகு சோறு நின்றது. இப்போது பாலும் யோசித்து யோசித்துத்தான் போகிறது. முதல் டாக்டர், "வயசாச்சும்மா, மனச லேசா வெச்சுக்கங்க" என்றார். இரண்டாமவர் தூக்க மாத்திரை கொடுத்தார். மூன்றாமவர்தான் சுண்ணாம்புத் தண்ணீர் போன்ற எதையோ குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார். படத்தில் என் உணவுக்குழாயின் பின்பக்கம் யாரோ கட்டைவிரலால் அழுத்திப் பிடித்ததுபோல ஒரு பள்ளம். அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைத் தொண்டை டாக்டரிடம் அனுப்பவில்லை, இதய அறுவை நிபுணரிடம் அனுப்பினார்.

அந்த நிபுணர் ஒரு பெண். உயரம் என் தோளுக்கு வருவார். நான் உதவியாளர் என்று நினைத்து, "டாக்டர் எப்ப வருவாங்க?" என்று கேட்டேன்.

"வந்துட்டாங்கம்மா, உட்காருங்க" என்று சொல்லிவிட்டு அவரும் உட்கார்ந்தார். முதல் கேள்வியே, "சாப்பாடு இறங்குதா?" என்பதுதான். அப்புறம், "சின்ன வயசுல இருந்தே மெதுவாத்தான் சாப்பிடுவீங்களா?" என்றார்.

"அது பழக்கம். கான்வென்ட்ல மதர் சொல்லிக் கொடுத்தது. சின்னச் சின்ன வாயா எடுத்து, நல்லா மென்னு, நடுவுல தண்ணி குடிக்கணும்."

"உங்க வகுப்புல எத்தனை பேரு?"

"முப்பத்தாறு."

"மத்த முப்பத்தஞ்சு பேருக்கும் ஒரு தட்டு சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமா ஆச்சு?"

மதர் எங்களை அரை மணியில் எழுப்பிவிடுவார். தினமும் மிச்சம் வைத்ததற்காகச் சுவரோரம் நின்றவள் நான் ஒருத்திதான். அதையே ஒழுக்கம் என்று நினைத்து அறுபது வருடம் பெருமைப்பட்டிருக்கிறேன்.

டாக்டர் காகிதத்தில் ஒரு கைத்தடி வரைந்தார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய், பெருந்தமனி, மேலே ஏறி கைத்தடியின் பிடிபோல வளைந்து கீழே போகுமாம். எல்லோருக்கும் அந்த வளைவு இடப்பக்கம். எனக்கு வலப்பக்கம். அதனால் இடது கைக்குப் போகும் கிளை நேர்வழி கிடைக்காமல் உணவுக்குழாயின் முதுகைச் சுற்றிக்கொண்டு போகிறது. அந்தக் கிளை புறப்படும் இடம் பைபோல வீங்கிவிட்டது. இன்னொரு பக்கம் ஒரு நார் இழுத்துப் பிடித்திருக்கிறது. எல்லாம் சேர்ந்து மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் ஒரு வளையத்துக்குள் மாட்டி வைத்திருக்கின்றன.

"எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

"நீங்க பிறக்கறதுக்கு ஏழு மாசம் முன்னால இருந்து."

வீக்கம் இப்போது ஐந்தரை சென்டிமீட்டர். அப்படியே விட்டால் சொல்லாமல் கொள்ளாமல் வெடிக்கலாம். இது மிக அபூர்வம். பெரியவர்களில் இந்த அறுவையை அவர் ஏழு பேருக்குச் செய்திருக்கிறார். "ஏழு பேரும் நல்லா இருக்காங்களா?" என்றேன். "ஆறு பேரு வீட்டுக்குப் போனாங்க. ஏழாவது ஆள என்னால காப்பாத்த முடியல" என்றார். குரலைத் தாழ்த்தவும் இல்லை, கண்ணை வேறு பக்கம் திருப்பவும் இல்லை. அன்று நான் கேட்டதில் மூன்று கேள்விகளுக்கு அவர் "தெரியாது" என்றார். நாற்பது வருடம் அலுவலகத்தில் அதிகாரிகள் சொல்லச் சொல்லக் கடிதம் அடித்தவள் நான்; தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒரு அதிகாரியைக்கூடப் பார்த்ததில்லை. அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது.

இனி விஷயம். நெருங்கிய உறவு ஒருவர் கூட வந்து கையெழுத்துப் போட வேண்டும். நான் மயக்கத்தில் இருக்கும்போது ஏதாவது முடிவெடுக்க நேர்ந்தால் அந்த ஆள்தான் எடுக்க வேண்டும். எனக்குப் பிள்ளை இல்லை என்பது உனக்குத் தெரியும். "யாருமே இல்லையா?" என்றார் டாக்டர். ஒரு நாத்தனார் இருப்பதாகச் சொன்னேன். "வருவாங்களா?" என்று கேட்டார். அதற்கு நானும் "தெரியாது" என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

உன் அண்ணி


மார்ச் 11

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. உட்கார்ந்து படித்தேன், நின்று படித்தேன், மருமகனை விட்டு ஒருமுறை சத்தமாகப் படிக்கச் சொன்னேன். கைத்தடி, வளைவு, பை, வளையம் எல்லாம் புரிந்தது. நான் ஒன்றும் மக்கு இல்லை. பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றாலும், ஒரு துணியைப் பார்த்ததும் அது எங்கே இழுத்துப் பிடிக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லுங்கள். "சாப்பாடு இறங்குதா?" என்று அந்த டாக்டர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அது அவர் வார்த்தையா, இல்லை எனக்கு உறைக்க வேண்டும் என்று நீங்கள் போட்டதா?

ஏனென்றால் அது என் வார்த்தை. என் மகள் கல்யாணத்தில் நூற்றைம்பது பேர் முன்னால் நான் சொன்னது. மூன்று நாள் தூங்காமல் நானே நின்று சமைத்த விருந்து. எல்லோரும் சாப்பிட்டு எழுந்து கை கழுவியாகிவிட்டது. நீங்கள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு வாயாகக் கிள்ளிக்கொண்டிருந்தீர்கள். பாதியில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தீர்கள். "எங்க கையால செஞ்சதெல்லாம் மகாராணிக்கு எங்க இறங்கப்போகுது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தீர்கள். அண்ணன் ஒரு கையில் செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். அதோடு ஒன்பது வருடம்.

சரி, இறங்கவில்லை என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே அண்ணி. "எனக்கு நெஞ்சில அடைக்குது" என்று நாலு வார்த்தை. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருப்பேன். உங்களுக்கு நாலு வார்த்தை சொல்வதைவிட ஒன்பது வருடம் சும்மா இருப்பது சுலபமாக இருந்திருக்கிறது.

இப்போது கையெழுத்துக்கு மட்டும் நான் வேண்டும். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், "நாத்தனார்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பி வெச்சா" என்று ஊர் பேசும். நான் யோசிக்க வேண்டும்.

அதற்கு முன் அந்தக் குள்ள டாக்டரிடம் சில கேள்வி கேட்டு எழுதுங்கள். வீங்கின இடத்தை வெட்டி எடுத்தால் அந்த இடத்தில் என்ன வைப்பார்? துணி என்றால் என்ன துணி? தொடர் தையலா, விட்டு விட்டுப் போடுவதா? அறுபத்தெட்டு வயதுக் குழாய் ஊசி தாங்குமா? முப்பத்தைந்து வருடம் தைத்தவள் நான். நைந்த துணியில் புதுத் துணியை ஒட்டுப் போட்டால் புதுசு கிழியாது, பழசுதான் கிழியும். அதை அவர் யோசித்தாரா என்று கேளுங்கள்.

நாத்தனார்


மார்ச் 17

அன்புள்ள நாத்தனாருக்கு,

அது டாக்டரின் வார்த்தை. நான் யார் வாயிலும் வார்த்தை வைத்து எழுதுகிறவள் இல்லை. அவர் அதைக் கேட்ட நிமிடம் எனக்கும் உன் மகள் கல்யாணம்தான் ஞாபகம் வந்தது. நூற்றைம்பது பேர் சிரித்த அன்று நீ சொன்னது சரியான நோய்க்குறி. மூன்று டாக்டர்கள் அதைக் கண்டுபிடிக்க ஏழு மாதம் எடுத்துக்கொண்டார்கள்.

நாலு வார்த்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். நேராகப் பதில் கேட்டாய், நேராகவே சொல்கிறேன். அடைக்கிறது என்று எனக்கே தெரியாது. எல்லோருக்கும் சாப்பாடு அப்படித்தான் போகும் என்று நினைத்திருந்தேன். மற்றவர்கள் நாகரிகம் இல்லாமல் அள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள், நான் முறையாகச் சாப்பிடுகிறேன் என்பதுதான் என் கணக்கு. அன்று நெஞ்சு வலித்தது. வலியை ஆட்கள் நடுவில் காட்டுவது அநாகரிகம் என்று எழுந்தேன். நீ சொன்னதும் அவமானம் சேர்ந்துகொண்டது. இதில் என் தவறு பாதிக்கு மேல் இருக்கும்.

உன் கேள்விகளை அப்படியே டாக்டரிடம் படித்துக் காட்டினேன். "குள்ள" என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். நைந்த துணி, ஒட்டு என்று படித்ததும் அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"யாரும்மா இவங்க?"

"என் நாத்தனார். தையற்கடை வெச்சிருந்தா."

"என்கிட்ட படிக்கற பிள்ளைங்க மூணு வருஷம் கழிச்சுத்தான் இந்தக் கேள்வியைக் கேக்கறாங்க. ஒரு நிமிஷம் இருங்க."

அலமாரியைக் குடைந்து ஒரு சிறு துண்டை எடுத்துவந்தார். மாணவர்களுக்குக் காட்ட வைத்திருப்பதாம். அதை இந்த உறையில் வைத்திருக்கிறேன். பாலியஸ்டர் நூலில் குழாயாகவே நெய்தது, நடுவில் மூட்டுக் கிடையாது. மடங்கினாலும் உள்வழி அடைபடாமல் இருக்கத்தான் அந்தச் சுருக்கங்கள். தையல் ஒரே இழை, இரு முனையிலும் ஊசி. பின்பக்க நடுவில் ஆரம்பித்து இரண்டு பக்கமாகவும் சுற்றி வந்து முன்னால் முடிச்சு. உன் பெரிய கேள்விக்கு அவர் சொன்ன பதிலைச் சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன்: "அவங்க சொல்றது சரி, பழசுதான் கிழியும். அதனால பழசுக்கு வெளிப்பக்கம் ஒரு பட்டி கொடுத்து, அதையும் சேர்த்துத் தைப்பேன். வீங்கின இடத்தைத் தாண்டி, நல்ல சுவர் கிடைக்கற வரைக்கும் போய்த்தான் தையல் போடுவேன்."

வேலை இரண்டு தவணை. முதலில் கழுத்தில் சிறிதாகத் திறந்து, இடது கைக்குப் போகும் கிளையை அந்தச் சுற்றுவழியிலிருந்து வெட்டி, பக்கத்தில் தலைக்குப் போகும் தமனியோடு இணைப்பார். ஐந்து நாள் கழித்து விலாப் பக்கமாக மார்பைத் திறந்து, நாரை அறுத்து வளையத்தைப் பிரித்து, வீங்கின பையை எடுத்துவிட்டு அங்கே அந்தக் குழாயை வைப்பார். அந்த நாரைச் சுற்றித்தான் குரலுக்கான நரம்பு போகிறதாம். மயிரிழை நரம்பு. அதை விரலால் தொட மாட்டேன் என்றார், அது கோபித்துக்கொள்ளாது என்று உறுதி தர மாட்டேன் என்றும் சொன்னார்.

ஒரு சம்பவம் எழுத வேண்டும். பரிசோதனைக்காக ஒருநாள் ஆஸ்பத்திரியில் தங்கியபோது ஒப்புதல் படிவம் கொடுத்தார்கள். படித்தேன். இரண்டு எழுத்துப்பிழை, ஒரு ஒற்றுப்பிழை. அதைத் தவிர, நாலாவது வரியில் "இடப்பக்க வளைவு" என்று இருந்தது. எல்லோருக்கும் அப்படித்தானே, அடிப்பவர் கை பழக்கத்தில் அடித்துவிட்டது. சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன். நர்ஸ் முகம் சுளித்தாள். "அதெல்லாம் டாக்டருக்குத் தெரியும்மா" என்றாள். பத்து நிமிடத்தில் டாக்டரே வந்தார். முகம் வெளுத்திருந்தது. என் அலுவலகத்தில் பிழையைக் காட்டினால் அதிகாரிகள் என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும்; அந்தப் பார்வைக்குத் தயாராகத்தான் இருந்தேன். அவர், "தப்பு என்னோடது. நான் படிக்காம அனுப்பிட்டேன்" என்றார். புதிதாக அடிக்கச் செய்து, தன் குழுவில் உள்ள ஏழு பேரையும் என் கட்டிலைச் சுற்றி நிறுத்தி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தானே உரக்கப் படித்தார். "வலப்பக்க வளைவு" என்ற இடத்தில் நிறுத்தி, ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்ல வைத்தார். மயக்க மருந்து கொடுப்பவர் என் வயதுக்காரர் போல இருந்தார்; அவரும் பள்ளிப் பிள்ளை மாதிரி "வலப்பக்க வளைவு" என்றார். இப்படி ஒருவர் கையில் என் மார்பைத் திறக்கக் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

ஏப்ரல் 9 என்று தேதி குறித்தாயிற்று. ஊர் என்ன பேசும் என்று பயப்படாதே. நீ கையெழுத்துப் போடுவது என் விருப்பத்தின்பேரில் என்று தனியாக எழுதிக் கையொப்பமிட்டு டாக்டரிடம் கொடுத்திருக்கிறேன். உனக்கு ஒரு பிரதி வைத்திருக்கிறேன். நீ வராவிட்டால் அவர்கள் அறுவையைத் தள்ளிப்போடுவார்கள். பை காத்திருக்குமா என்று கேட்டேன். அதுவும் அந்த "தெரியாது"களில் ஒன்று.

உன் அண்ணி


மார்ச் 24

அண்ணிக்கு,

துண்டு கிடைத்தது. முதலில் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். பிறகு பூதக்கண்ணாடியில் நெசவைப் பார்த்தேன். ஓரத்தைச் சூடு வைத்து வெட்டியிருக்கிறார்கள், நூல் பிரியாது. ஒரு முனையைக் கட்டித் தண்ணீர் ஊற்றிக் கொடியில் தொங்கவிட்டேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு சொட்டு இல்லை. பழைய தோல் பையை வெட்டி, அதோடு சேர்த்து அவர் சொன்ன மாதிரியே பின்பக்கத்தில் ஆரம்பித்து இரண்டு ஊசியால் தைத்தும் பார்த்தேன். பட்டி இல்லாமல் தைத்தபோது தோல் கிழிந்தது. பட்டி கொடுத்துத் தைத்ததும் பிடித்துக்கொண்டது. "என்னம்மா, நீயே ஆபரேஷன் பண்ணிடுவ போல" என்கிறாள் மகள். உங்கள் டாக்டருக்குத் தொழில் தெரியும். குள்ளம் என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கை தைக்கும்போதுதான் மனசு எதையாவது கிளறும் என்பார்கள் என் கடைப் பெண்கள். தைத்துக்கொண்டே யோசித்ததில் ஒன்று கிளறிவிட்டது. அதைச் சொல்லாமல் உங்கள் முகத்தில் முழிக்க முடியாது.

அண்ணன் கல்யாணத்துக்கு முன்னால் எப்படிச் சாப்பிடுவார் தெரியுமா? ஐந்து நிமிடம். அம்மா இரண்டாவது முறை பரிமாறத் திரும்புவதற்குள் தட்டு காலியாகிவிடும். உங்களைக் கட்டிக்கொண்ட பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். நாங்கள் எல்லோரும் கேலி செய்தோம். பொண்டாட்டிக்குப் பயந்து மெல்லக் கற்றுக்கொண்டார், கான்வென்ட் ட்ரெய்னிங் என்றோம். நான்தான் அதில் தலைவி. ஒருநாள் என் கடைக்கு வந்தபோது நேராகவே கேட்டேன், "ஏன் அண்ணே, அவ கண்ணால மிரட்டறாளா?" என்று. அண்ணன் சிரிக்கவில்லை.

"அவளுக்குச் சாப்பிடறது கஷ்டம்டி. என்னன்னு தெரியல, கேட்டா கோவம் வருது. நான் எழுந்துட்டா அவளும் பாதியில எழுந்துடுவா. நான் இருந்தா இன்னும் நாலு வாய் சாப்பிடுவா. அதான் உக்காந்திருக்கேன்."

இது நடந்தது என் மகள் கல்யாணத்துக்கு ஆறு வருடம் முன்னால். எனக்குத் தெரிந்திருந்தது அண்ணி. காரணம் தெரியாது, ஆனால் உங்களுக்குக் கஷ்டம் என்று அண்ணன் என்னிடம் சொல்லியிருந்தார். நான் நம்பவில்லை. பொண்டாட்டிக்கு வக்காலத்து வாங்குகிறார் என்று நினைத்தேன். தெரிந்துகொண்டேதான் நூற்றைம்பது பேர் முன்னால் அப்படிச் சொன்னேன். நீங்கள் எழுதினீர்களே, தவறு பாதிக்கு மேல் உங்களுடையது என்று. அந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஏழாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வராதீர்கள், பை தூக்குகிறேன் என்று பிடிவாதம் பிடிப்பீர்கள். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று மட்டும் காட்டினால் போதும். அந்தப் பிரதி எனக்கு வேண்டாம், கிழித்துப் போடுங்கள்.

உங்கள் நாத்தனார்


மே 20

அண்ணிக்கு,

வீடு வந்து சேர்ந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. இதற்குள் நான்கு முறை போன் செய்தேன். ஒவ்வொரு முறையும் எடுக்கிறீர்கள். மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது. "அண்ணி, அண்ணி" என்கிறேன். வைத்துவிடுகிறீர்கள். இங்கே எல்லோரும், "பழையபடி ஆரம்பிச்சுட்டாங்களா மகாராணி" என்கிறார்கள். நான் அந்தப் பேச்சில் சேரவில்லை. ஆனால் கோபம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு மாதமும் உங்களுக்கு மூக்கில், கையில், விலாவில் என்று ஒரே குழாய். நீங்கள் தலையை ஆட்டுவீர்கள், நான் பேசுவேன். அதிலும் நடுவில் ஒரு வாரம் திரும்பவும் ஐ.சி.யூ. அங்கே சொல்லாமல் விட்டதை இப்போது எழுதிவிடுகிறேன்.

இரண்டாவது அறுவை அன்று ஏழரை மணி நேரம் அந்தக் காத்திருக்கும் அறையில் இருந்தேன். நாற்காலிகள் எல்லாம் ஒன்றோடொன்று இரும்பால் பிணைத்தவை. ஒருவர் அசைந்தால் வரிசையே ஆடும். எனக்குப் பக்கத்தில் ஒரு லாரி ஓட்டுநர், அவர் மனைவிக்கு வால்வு மாற்றுகிறார்கள். அவர் அழுதால் நான் ஆடினேன், நான் அழுதால் அவர் ஆடினார். "நீங்க கொஞ்சம் நிறுத்தினா நானும் நிறுத்திடுவேங்க" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நாலரை மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். தொப்பியின் தடம் நெற்றியில் பதிந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தார். கால் தரையைத் தொடவில்லை. "நல்லா இருக்காங்க" என்று மட்டும் சொல்லியிருந்தால் எனக்குப் பாதிதான் நம்பிக்கை வந்திருக்கும். அவர் சொன்னது வேறு.

"மேல் தையல்ல ஒரு இடத்துல கசிஞ்சது. அதுக்கு மேலயே இன்னொரு தையல் போட்டு மூடியிருக்கலாம். மனசு ஒப்பல. பிரிச்சு, அந்தப் பக்கத்தைத் திரும்பத் தைச்சேன். அதான் ஒரு மணி நேரம் கூட ஆயிடுச்சு. இப்ப ஒரு சொட்டு இல்ல."

அண்ணி, என் கடையில் எத்தனையோ கைகாரிகள் வேலை பார்த்திருக்கிறார்கள். கோணலாகப் போன தையலின்மேல் லேஸ் வைத்து மறைக்கிறவர்கள்தான் அதிகம். வாடிக்கையாளர் வாசலில் நிற்கும்போதும் உட்கார்ந்து பிரிக்கிறவர்கள் இரண்டு பேர்கூட இருக்க மாட்டார்கள். இந்த அம்மா ரத்தம் ஓடுகிற இடத்தில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, பிரித்துத் தைத்திருக்கிறார். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது. "சாப்டீங்களாம்மா?" என்றேன். "இனிமேதான்" என்றார். "எங்க அண்ணிக்கு வேலை பார்த்தா உங்களுக்கும் சாப்பாடு இறங்காது போல" என்றேன். அப்படிச் சிரித்தார்.

மறுநாள் ஐ.சி.யூவில் உங்கள் இடது கையைப் பிடித்தேன். உங்களுக்கு இடது கையில் நாடி நூல் மாதிரி இருக்கும் என்று அண்ணன் சொல்வார். இப்போது வலது கைக்குச் சமமாக அடிக்கிறது. நான் எண்ணிப் பார்த்தேன். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் போனை எடுத்து வைத்துவிட்டால் நான் என்னவென்று நினைப்பது? நான் ஏதாவது தவறாகச் சொல்லியிருந்தால், என்ன என்று சொல்லுங்கள். நாலு வார்த்தை.

உங்கள் நாத்தனார்


மே 26

அன்புள்ள நாத்தனாருக்கு,

நீ எதுவும் தவறாகச் சொல்லவில்லை. எனக்குக் குரல் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் குழாய்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். குழாய்கள் எடுத்த பிறகும் வரவில்லை. நரம்பு கோபித்துக்கொண்டுவிட்டது. வாயைத் திறந்தால் காற்று வருகிறது, அதற்குமேல் ஒன்றும் வருவதில்லை. நீ போன் செய்த நான்கு முறையும் "சொல்லு" என்று சொன்னேன். பக்கத்தில் நிற்கிறவருக்கே கேட்காத சத்தம், உனக்கு எப்படிக் கேட்கும்? அடுத்த முறை கேட்டுவிடும் என்று நினைத்து நினைத்து எடுத்தேன். இதை உடனே எழுதியிருக்க வேண்டும். இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டேன். இந்த வழக்கத்தை அறுவையால் எடுக்க முடியாது போலிருக்கிறது.

நேற்று டாக்டரைப் பார்த்தேன். தொண்டைக்குள் சிறு கண்ணாடி விட்டுப் பார்த்து, இடது குரல்நாண் அசையவில்லை என்றார்கள். ஆறு மாதத்தில் தானாகத் திரும்பலாம். திரும்பாவிட்டால் ஊசி போட்டு அந்த நாணை நடுவுக்குத் தள்ளலாம். "இது என்னால வந்தது" என்றார் டாக்டர், நான் கேட்காமலே. சிலேட்டில் எழுதிக் காட்டினேன்: "நீங்கள் முன்பே சொன்னீர்கள். நான் கையெழுத்துப் போட்டேன்." அவர் அதைப் படித்துவிட்டு, "ஆனாலும் எனக்கு வருத்தம்தான்" என்றார். பெரிய வேலை செய்து முடித்தவர்கள் சிறிய குறைக்கு வருத்தப்படுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. அவர் பிரித்துத் தைத்த கதையை உன் கடிதத்தில்தான் முதன்முதலாகப் படித்தேன். என்னிடம் அவர் சொல்லவில்லை. அதை அந்தத் தொழில் தெரிந்தவளிடம்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறார். சரியாகவே நினைத்திருக்கிறார்.

உன் அண்ணனைப் பற்றி நீ மார்ச்சில் எழுதியதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. எனக்கு அது தெரியாது. முப்பத்திரண்டு வருடம் எதிரில் உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிட்டவரை, என்னிடம் நல்ல பழக்கம் கற்றுக்கொண்டவர் என்று நினைத்து நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்தபிறகு ஒரு வாரம் என்னால் சாப்பாட்டு மேஜையில் உட்கார முடியவில்லை. சமையலறையில் நின்றுகொண்டு குடித்தேன். நீ அதை மறைத்ததற்காக எனக்குக் கோபம் இல்லை. என்னிடம் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன், அவரையும் விரட்டியிருப்பேன்.

இப்போது எனக்குச் சாப்பாடு போகிறது. முதல் முறை ஒரு வாய் சோறு எங்கும் நிற்காமல் போனபோது பயந்துவிட்டேன், எங்கோ தவறான வழியில் போய்விட்டது என்று. நேற்று மதியம் தட்டைக் காலி செய்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினெட்டு நிமிடம். எழுந்து கை கழுவினேன். அப்புறம் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு மணி நேரச் சாப்பாட்டில் நாற்பத்திரண்டு நிமிடம் மிஞ்சிவிட்டது, எதிர் நாற்காலி காலியாக இருக்கிறது.

நேராகவே கேட்கிறேன். கிழக்குப் பார்த்த அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். ஜன்னல் பக்கம் உன் தையல் மெஷின் வைக்க இடம் இருக்கிறது, வெளிச்சமும் போதும். உன் மகளுக்கும் மருமகனுக்கும் உன்னை அனுப்ப முடியுமா என்று கேள். பார்த்துவிட்டுப் போக வராதே. இருக்க வா. என்னோடு பேசுவது கொஞ்ச நாளைக்குச் சிலேட்டில்தான். உனக்கு அது வசதி, நடுவில் யாரும் குறுக்கிட மாட்டார்கள்.

வருகிறாயா, எந்தத் தேதியில், மெஷினை ரயிலில் கொண்டுவர ஆள் வேண்டுமா என்பதை எழுது. போன் செய்யாதே, பதிலைக் கடிதமாக எழுதித் தபாலில் போடு.

உன் அண்ணி